ஐஸ் பெட்டிக்குள் குவாண்டம்

2025 பெப்ரவரி 11, செவ்வாய். வழமைபோல் பிளேன்டீ குடித்து, செங்கலடிச் சந்தியில் பஸ் ஏறி, பல்கலைக்கழகத்தில் என் பௌதிகவியல் துறைக்குப் போய் ஆய்வுகூடத்தைத் திறந்தேன். மீன் நாற்றம் முகத்தில் அடித்தது.

மறுநாள் கண்காட்சி. என் இறுதியாண்டு மாணவி, ஏறாவூர்ப் பிள்ளை, ஒரு வருடமாகக் கணினியில் செய்த கணிப்பை அங்கே வைக்கவிருந்தாள். படிகச் சில்லொன்றின் மேற்பரப்பில் ஒலியலை ஓடினால், படிகம் அதிர அதிர மின்புலமும் எழும். அதன்மேல் அமைத்த, மின்தடையே இல்லாத மீகடத்துச் சுற்று அதை உணரும். அதிர்வின் ஆகச் சிறிய துணுக்கைக்கூட ஒலியலைக்கும் சுற்றுக்குமிடையே கைமாற்றலாம். குவாண்டம் கணினிக்கு அது நினைவகமாக உதவும். அவளுடைய சில்லை உண்மையாகவே செய்து பார்ப்பதா என்று முடிவெடுக்க, வெளிநாட்டு ஆய்வுகூடமொன்றிலிருந்து ஒருவர் வருவதாக இருந்தது. அவளுக்கு வேறு வாய்ப்பில்லை.

அவளுடைய மேசையில் மீன் வியாபாரியின் வெள்ளை ரெஜிபோம் நுரைப்பெட்டி. ஐஸுக்குள் செம்புக் கம்பிச் சுருள், சுருளில் செதில்கள். பக்கத்தில் ஒரு கைபேசி, எங்கள் வாவியில் பாடுவதாகச் சொல்லப்படும் மீனின் சத்தத்தை முனகிக்கொண்டிருந்தது. மேலே பலகை: ‘பாடும் மீனின் குவாண்டம் கணினி’. பஸ்ஸிலும் பேக்கரியிலும் கலண்டரிலும் ஊர்ச் சின்னமாக ஒட்டிய அந்த மீன் இங்கேயும் வந்துவிட்டது.

பெட்டியை வைத்த துறைத் தலைவர் பின்னால் வந்து பூரிப்போடு நின்றார்; என் மாணவியும் வந்துவிட்டாள். “கோடு கோடாப் படம் கீறி வெச்சா ஆரு புள்ள பாப்பாங்க?” என்று அவளிடம் கேட்டார்.

“சேர், மீகடத்துச் சுற்றுக்குத் தனிப்பூச்சியத்துக்கு, மைனஸ் 273 பாகைக்கு, கிட்ட குளிர் வேணும். இது வெறும் ஐஸ்,” என்றாள்.

“குளிருக்குள்ள என்ன சின்னக் குளிர், பெரிய குளிர்?”

“அப்ப இதுக்குள்ள கிடந்த சூரை மீனும் குவாண்டம் சூரைதானே, சேர்?” என்றேன் நான்.

அவர் சிரித்தார். அதுதான் எனக்கு ஆகவும் அருவருப்பாக இருந்தது.

“வாறவருக்கு முன்னால இந்தப் பெட்டியோட நிண்டா, என்ட கணக்கையும் நம்பமாட்டாங்க. இது இருந்தா நான் வரமாட்டன்,” என்று அவள் தன் படத்தைச் சுருட்டிக்கொண்டு போனாள்.

பெட்டியை எடுக்கச் சொன்னேன். “மறுகா பாப்பம். உங்கட பேரையும் பலகையில போட்டிருக்கன்,” என்றார், எனக்குப் பரிசு தருபவர்போல. அந்தப் பலகையில், செதில்களுக்கு மேலே, என் பெயர் இருந்தது.

மறுநாள் காலை, தேநீருக்கும் முன், பெட்டியைத் தூக்கிப் போய் வேலியோரம் கவிழ்த்தேன். இளஞ்சிவப்புத் தண்ணீர் மண்ணில் இறங்கியது. பலகையைக் கழற்றினேன். பிறகு அவளுக்கு அழைப்பெடுத்தேன்.

“மேசை காலி. படத்தைக் கொண்டு வா, புள்ள.”

“இன்னும் மணக்குதா, சேர்?”

“ஓம். தேசிக்காய் போட்டுத் தேய்ச்சுக்கொண்டிருக்கிறன்.”