பதினைந்தாவது சிவப்பு

மாட்டுக்கொட்டகையில் சாணி அள்ளும்போதெல்லாம் எனக்குக் கருப்புப் பந்தின் நினைவு வரும். சிரிக்காதீர்கள். இரண்டு கறவை மாடு கட்டியிருக்கிற இதே இடத்தில்தான் நான்கு வருடம் எங்கள் ஸ்னூக்கர் மேசை நின்றது. உத்திரமேரூர் பக்கம் வேறு எந்த வீட்டிலும் அப்படியொரு சனியனை நான் பார்த்ததில்லை.

கொண்டுவந்தவர் என் வீட்டுக்காரர். லோடு வண்டி ஓட்டுகிறவர். கடற்கரைச் சாலையில் மூடிப்போன ஓர் ஓட்டலைக் காலி செய்யப் போனவர், "சும்மா குடுத்தாங்கடி" என்று இதை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். பச்சைத் துணிக்கு அடியில் ஐந்து கல் பலகை. காவாந்தண்டலத்திலிருந்து ஆறு ஆள் வந்து இறக்கினார்கள். நான் வாசலில் நின்று கத்தினேன்: "நெல்லு மூட்டைய எங்க போடுவீங்க, என் தலையிலயா?"

ஒரு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. பிறகு, அழுக்கு பொறுக்காமல், பந்துகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவி வெயிலில் பரப்பினேன். பதினைந்து சிவப்பு. வெள்ளை ஒன்று. மஞ்சள், பச்சை, பழுப்பு, நீலம், ரோஸ், கருப்பு. அடேயப்பா, என்ன அழகு! அன்றைக்கே மயங்கிவிட்டேன், ஆனால் அவரிடம் சொல்லவில்லை.

விதிகள் அச்சடித்த அட்டை ஒன்றும் கூடவே வந்தது. வெள்ளையைத்தான் கோலால் அடிக்க வேண்டும். முதலில் ஒரு சிவப்பு, அதற்கு ஒரு பாயின்ட். சிவப்பு விழுந்தால் அடுத்து ஒரு கலர். மஞ்சள் இரண்டு, பச்சை மூன்று என்று ஏறிக்கொண்டே போய்க் கருப்புக்கு ஏழு. விழுந்த சிவப்பு குழியோடு சரி. கலரை மட்டும் எடுத்து அதன் இடத்திலேயே திரும்ப வைக்க வேண்டும். சிவப்பெல்லாம் தீர்ந்த பிறகு மஞ்சளில் தொடங்கிக் கருப்புவரை வரிசையாகத் தள்ளி முடிக்க வேண்டும். அதற்குக் கீழே, தப்பு செய்தால் என்ன என்கிற பாகத்தைக் கரையான் தின்றிருந்தது.

"வெள்ள உள்ள பூட்டா இன்னாங்க பண்றது?"

அவர் தலையைச் சொறிந்தார். "கேரம்ல இன்னா பண்ணுவோம்? ஒரு காய எடுத்து வெளிய வெப்போம் இல்ல? அதான் இதுக்கும்."

அதுவே எங்கள் வீட்டுச் சட்டமாயிற்று. வெள்ளை குழிக்குள் போனால், கூட விழுந்த பந்தையும் விழுந்துகிடக்கிற சிவப்பில் ஒன்றையும் எடுத்து மேசையில் வைப்போம், ஆட்டம் கைமாறும். எங்கள் கைக்கு வெள்ளை ஓயாமல் உள்ளே போகும். ஞாயிற்றுக்கிழமை சோறு தின்று தொடங்கினால் பொழுது சாயும்போதும் சிவப்பு மீதி இருக்கும். தரை கோணல் என்று நான் சண்டை போடுவேன். "ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்" என்பார். உண்மையிலேயே கோணல்தான், ஒரு காலுக்கு ஓட்டுச் சில்லு முட்டுக்கொடுத்திருந்தோம். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் பேசாத பேச்செல்லாம் அந்த மேசையைச் சுற்றித்தான் பேசினோம். இப்போது நினைத்தாலும் ஏக்கமாக இருக்கிறது.

அப்புறம் அவருக்கு மாட்டு ஆசை வந்தது. "வண்டி ஓட்டி இடுப்பு பூடுச்சி. ரெண்டு மாடு வெச்சிக்கினா வூட்டோட இருப்பேன். இந்த எடத்த வுட்டா வேற எடம் எங்க கீது?"

நியாயம்தான். ஆனாலும் எனக்கு வயிறு எரிந்தது. "ஒரே ஒரு ஆட்டம். நான் ஜெயிச்சா மேசை இருக்கட்டும். நீங்க ஜெயிச்சா மாடு வரட்டும்" என்றேன். சரி என்றார்.

அன்றைக்கே ஆடினோம். கடைசியில் கருப்பு மட்டும் மிச்சம். அவர் ஐந்து பாயின்ட் முன்னால். கருப்பு விழுந்தால் ஏழு, மேசை எனக்கு. மூச்சைப் பிடித்து அடித்தேன். கருப்பு விழுந்தது. துள்ளிக் குதிக்கப் போனேன். வெள்ளை மேசை விளிம்பில் முட்டித் திரும்பி, மெதுவாக, மிக மெதுவாக, நடுக்குழிக்குள் போய் விழுந்தது.

அவர் கோலைச் சுவரில் சாய்த்தார். "போன வாரம் செல்லுல பாத்தேன். நெஜ ரூலு வேற. வெள்ள உள்ள பூட்டதால இப்ப எனக்கு ஏழு பாயின்ட்டு, ஆட்டம் குளோஸு. செவப்பு எடுத்து வெக்கிற வேலையே கெடையாது."

நானும் அதைப் பார்த்திருந்தேன். தோற்றுவிட்டேன் என்று கண் நிறைந்தது.

அவர் கருப்பை எடுத்து அதன் இடத்தில் வைத்தார். குழிக்குள் கைவிட்டு ஒரு சிவப்பை எடுத்தார். லுங்கியில் துடைத்து, நடுவில் வைத்தார்.

"அது அவுங்க ஊட்டு ரூலு" என்றார். "நம்ம ரூலு இதான்."

அவர் அடித்தது விழவில்லை. சிவப்பை நான் போட்டேன். அடுத்து கருப்பு, அது தவறிவிட்டது. அவர் போட்டுவிட்டார். வேண்டுமென்றே விட்டுக்கொடுத்திருந்தால் அவரை மன்னித்திருக்க மாட்டேன். அப்படியும் கொட்டகைக்குப் பின்னால் போய் ஒரு மூச்சு அழுதேன்.

செங்கல்பட்டில் விளையாட்டுக் கடை போடுகிற பையன்கள் வந்து மேசையை ஏற்றிப்போனார்கள். மறுநாளே மாடும் வந்துவிட்டது. இரண்டு நாள் கழித்து ஃபோன்.

"அக்கா, செவப்பு பதினாலுதான் கீது. ஒண்ணு கொறையுதே?"

அரிசிப் பானையைப் பார்த்துக்கொண்டே, "அத கரையான் தின்னுடுச்சிப்பா" என்றேன்.

பால் கேனோடு உள்ளே வந்துகொண்டிருந்தவர் நின்றார். என்னைப் பார்த்தார், பானையைப் பார்த்தார். பானையின் மூடியை எடுத்துச் சரியாக மூடிவிட்டுப் போனார்.