‘இல்லை’ என்று போட்ட குறி

கார்லிஸ் ஹாட்சர் பயந்து நான் பார்த்ததில்லை. வர்ஜீனியாக் கடற்கரையில், நீர்மூழ்கிக் கப்பல் கட்டும் தளத்தில் பதினோரு வருடம் என்னோடு மின்கம்பி இழுத்தவள். ஆள் நுழையாத இண்டு இடுக்கில் தலைகீழாகத் தொங்கி வேலையை முடித்துவிட்டு, வெளியே வந்து எங்களைக் கேலி செய்வாள். அப்படிப்பட்டவள் ஒரு திங்கட்கிழமை, தன் வண்டிக்குள் சாவியைத் திருகக்கூட முடியாமல் உட்கார்ந்திருந்தாள்.

“விசாரணை அதிகாரி கூப்பிட்டாங்க, வெண்டல். வியாழக்கிழமை பத்து மணிக்கு.”

அரசின் பாதுகாப்பு அனுமதி இல்லாமல் எங்கள் கப்பல்களுக்குள் கால் வைக்க முடியாது. அதற்கு ஐந்து வருடம் முன்பு தோளில் அடிபட்டபோது, தன் அண்ணனுக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்த வலி மாத்திரைகளைக் கார்லிஸ் விழுங்க ஆரம்பித்தாள். வலி போயிற்று, மாத்திரை போகவில்லை. பத்து மாதம் கழித்துத் தானாகவே சிகிச்சைக்குப் போய் விட்டொழித்தாள். ஆனால் அந்த வருடம் ஏப்ரலில் அனுமதியைப் புதுப்பிக்கும் படிவம் வந்தது. ஏழு வருடத்துக்குள் மாத்திரைகளைத் தவறாகப் பயன்படுத்தியதுண்டா என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று குறியிட்டுக் கையெழுத்துப் போட்டாள். நானும் அவள் வீட்டில் ஒரு சனிக்கிழமை இரண்டு மாத்திரை விழுங்கியவன்தான். என் படிவத்திலும் ‘இல்லை’.

“வாய மூடிக்கிட்டு இரு. யாருக்குத் தெரியப் போகுது?” என்றேன்.

“சிகிச்சை எடுத்த இடத்துல என் பேரு இருக்கு. அண்ணி வாய் சும்மா இருக்காது. போன் அடிச்சா எடுக்காம விட்டுடறேன்.”

“சொன்னா வேலை போயிடும்.”

“தெரியும். இன்னொண்ணு. கூட யாரு மாத்திரை போட்டாங்கன்னு கேட்டா உன் பேரச் சொல்லுவேன். இன்னொரு பொய்க்கு எனக்குத் தெம்பில்ல. நீ முந்திக்கிட்டுப் போய்ச் சொல்லிடு.”

“என் பொண்டாட்டி மாசமா இருக்கா, கார்லிஸ்.”

“அதான் இப்பவே சொல்றேன், மடையா.”

செவ்வாயன்று எங்கள் தளத்தின் பாதுகாப்பு அலுவலரின் கதவை நான்கு முறை கடந்து போனேன். புதன் மதியம், சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள, உள்ளே நுழைந்தேன்.

மறுநாள் நடந்ததை அவளே பிறகு சொன்னாள். அதிகாரியான ஓக்கல்ட்ரீ அம்மாள் இருபது நிமிடம் பழைய முகவரிகளையே கேட்டுக்கொண்டிருந்தாராம். மாத்திரைக் கேள்வி வரும்வரை கார்லிஸால் பொறுக்க முடியவில்லை.

“மேடம், படிவத்துல பொய் எழுதியிருக்கேன்.”

பேனா நின்றது. “யாராவது சொல்லச் சொன்னாங்களா?”

“இல்ல. பயந்துதான் எழுதினேன். இப்பவும் பயந்துதான் சொல்றேன்.”

இருவரின் அடையாள அட்டைகளையும் வாங்கிக்கொண்டார்கள். ஒரே ஒரு தடவைதான் விழுங்கினான், தானே வந்து சொன்னான் என்று ஐந்து மாதத்தில் என்னுடையதைத் திருப்பிக் கொடுத்தார்கள். அவள் விஷயம் நீதிபதி வரை போனது. முடிவைத் தொலைபேசியில் எனக்குப் படித்துக் காட்டினாள். மாத்திரைப் பழக்கம் பழைய கதை, சிகிச்சையும் முடிந்தது, அதைக் குற்றமாகக் கொள்ளவில்லை. ஆனால் தெரிந்தே பொய்க் கையெழுத்துப் போட்டவர். விசாரணைக்கு நாள் குறித்த பிறகே உண்மை பேசியவர். அனுமதி மறுக்கப்படுகிறது.

“நம்பத்தகாதவள்னு போட்டிருக்கு, வெண்டல்,” என்றாள்.

இப்போது நண்டு பிடிக்கும் படகுகளுக்குக் கம்பி இழுக்கிறாள். ஒரு வருடம் கழித்து மறுபடி விண்ணப்பிக்கலாம். செய்வாளா என்று தெரியாது. கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு அவளிடம் அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.