நக்கோ சொன்ன அணில்

அந்தக் குழந்தைகள் சேனலின் பெயர் வெளிநாட்டுக்காரனுடையது. சின்னம், பொம்மைகள், மெட்டு எல்லாம் அவனுடையவைதான். மும்பைக் கம்பெனி ஒன்று உரிமம் வாங்கி இங்கே ஓட்டியது. தமிழ்ப் பேச்சைச் சேர்க்கும் வேலை ஹைதராபாத்துக்கு வந்ததற்குக் காரணம், அமீர்பேட்டையில் ஸ்டுடியோ வாடகை குறைவு என்பதுதான். நம்முடையது என்று அதில் இருந்தது குரல் மட்டும். குட்டி அணில் பில்லுவின் குரல் ஷர்மிளாவுடையது.

ஷர்மிளாவுக்கு வீடு குஷாய்குடாவில். பிறந்தது செகந்திராபாத்தில், வெள்ளைக்காரன் காலத்திலேயே வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பத்தில். அப்பா அணிலுக்குப் பேசிய வைத்தியநாதன் திருநெல்வேலிக்காரர், ஆலை ஊழியர். அம்மா அணில் ஸ்டெல்லா, கோயம்புத்தூரிலிருந்து மல்லாபூருக்கு வந்த நர்ஸ். மூவரும் வீட்டில் பேசுவதுபோலவே மைக் முன்னும் பேசினார்கள்.

"ஏலே பில்லு, குளிக்க வாறியா இல்லியா?"

"புள்ளைய வெரட்டாதீங்க. அதாவே வருமுங்க."

"நக்கோம்மா. தண்ணி சில்லுனு இருக்கு."

நக்கோ என்றால் வேண்டாம். ஹைதராபாத் உருது. ஒரே மரத்தில் வாழும் குடும்பத்துக்குள் மூன்று ஊர்த் தமிழ் புழங்கியது ஸ்டுடியோவில் யாருக்கும் உறைக்கவே இல்லை. இங்கே எந்தத் தமிழர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தியில் அப்படித்தான் கேட்கும். காது பழகிவிட்டது.

பள்ளிக்கூடம் விட்டு வந்து பையைக் கழற்றாமலே பில்லுவைப் பார்த்த பிள்ளைகள் எத்தனை பேர்! மதுரையிலும் சேலத்திலும் அதுகள் நக்கோ என்று சோற்றுத் தட்டைத் தள்ளத் தொடங்கின. பெற்றோர்களிடமிருந்து புகார் வந்தது. தயாரிப்பைக் கவனித்த கணேஷ்குமார் ஷர்மிளாவைக் கூப்பிட்டார்.

"இனிமே சுத்தமான தமிழ்ல பேசுங்க. இல்லேன்னா பில்லுவுக்கு வேற ஆளைப் போடச் சொல்றாங்க."

"வைத்தி அண்ணனும் ஸ்டெல்லாவும்?"

"அவங்களது வட்டார வழக்கு, அழகா இருக்கு. உங்களது கலப்படம்."

நெல்லை பேசினால் அழகு, கோவை பேசினால் அழகு. தலைமுறை தலைமுறையாக உருதுக்காரர்களோடு ஒரே தெருவில் வாழ்ந்தவள் பேசினால் கலப்படமாம். சுத்தம் என்று எவராவது பேச ஆரம்பித்தால், யாரை வெளியே நிறுத்தப் போகிறார்கள் என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். அக்கம்பக்கத்தில் வாங்காமல் கொடுக்காமல் வளர்ந்த மொழி எது?

பில்லுவை விட மனமில்லாமல் ஷர்மிளா முயன்று பார்த்தார். செய்தி வாசிப்பைக் கேட்டுக் கேட்டுப் பழகினார். பிறகு மைக் முன் நின்று, "வேண்டாம் அம்மா, தண்ணீர் குளிர்கிறது" என்றார்.

"ஏட்டி, பில்லுவுக்குக் காய்ச்சலா?" என்றார் வைத்தியநாதன்.

ஸ்டெல்லா சிரித்துவிட்டார். ஷர்மிளா சிரிக்கவில்லை. ஹெட்போனைக் கழற்றி வைத்தார்.

"இது பில்லு இல்ல சார். நீங்க வேற ஆளையே பாத்துக்குங்க."

மற்ற இருவரும் அவருடன் வெளியேறவில்லை. ஸ்டெல்லா லிஃப்ட் வரை வந்து கையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு உள்ளே போனார். சென்னையிலிருந்து ஒரு பெண் வந்து பில்லு ஆனாள். ஷர்மிளா ஒரு கடையின் அறிவிப்புகளுக்குக் குரல் கொடுக்கப் போனார்.

சில ஆண்டுகளில் உரிமம் முடிந்தது. வெளிநாட்டுக்காரன் புதுப்பிக்கவில்லை. சேனலை மூட வேண்டியதாயிற்று. ஒப்பந்தப்படி எல்லாத் தமிழ் ஒலிப்பதிவுகளையும் அழித்தாக வேண்டும். சுத்தமானது, கலப்படமானது என்று அவன் பிரித்துப் பார்க்கவில்லை.

குழந்தைகளிடம் யாராவது போய்வருகிறேன் என்று சொல்ல வேண்டுமே. சென்னைப் பெண் சினிமாவுக்குப் போய்விட்டிருந்தாள். கணேஷ்குமார் ஷர்மிளாவுக்குப் போன் செய்தார்.

"எப்படிப் பேசணும் சார்?"

"பழைய மாதிரி."

"எழுதித் தருவீங்களா?"

"வேணாம். பில்லு என்ன சொல்லுமோ, அதைச் சொல்லுங்க."

பஸ் பிடித்துப் போனார். கையில் தாளில்லாமல், வாயில் வந்த தமிழில், அழக்கூடாது என்றும் சண்டை போட்ட சிநேகிதர்களோடு பழம் விட்டுவிட வேண்டும் என்றும் பிள்ளைகளிடம் பேசினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த கணேஷ்குமார் ஓரிடத்திலும் நிறுத்தவில்லை.

கடைசி நாள் முழுக்க அது ஓடியது. தன் வீட்டு டிவி முன் உட்கார்ந்து, திரை இருண்டுபோகும் வரை பில்லு பேசுவதை ஷர்மிளா கேட்டுக்கொண்டிருந்தார்.