மெழுகுக்குள் இருந்த என் சதை

மார்பில் இருந்த கட்டியிலிருந்து எடுத்த துண்டை ஆஸ்பத்திரியில் மெழுகுக்குள் பதித்து என் கையிலேயே தந்தார்கள். தீப்பெட்டியை விடச் சின்னது. புற்றுநோய் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள். எந்த மருந்து சரிவரும் என்று பார்க்க இன்னொரு பரிசோதனை வேண்டும், அது இங்கே செய்வதில்லை, கண்டியில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் கொண்டுபோய்க் கொடுங்க என்றார்கள்.

நோயாளியே தன் சதையைப் பையில் போட்டுக்கொண்டு போவது எங்கள் பக்கம் வழக்கம்தான். ஆனால் எனக்கு எதற்கும் பயம். எங்கள் ஊர் உக்குவளையில் ரயில் ஏறும்போதே வெயில் கொளுத்தியது. ஜன்னலோரம் வைத்த மெழுகுவர்த்தி வெயிலில் வளைந்துபோனதைக் கண்டவள் நான். இதுவும் உருகினால்? முகம் துடைக்கிற கைலேஞ்சியை நனைத்து, சுற்றி, ஆஸ்பத்திரியில் தந்த கடிதத்தோடு பையில் வைத்தேன். நிழல் பக்கம் பார்த்து உட்கார்ந்தேன். மகள் குவைத்தில். முடிவு தெரிந்த பிறகு சொல்லலாம் என்று அவளுக்கும் சொல்லவில்லை.

ஆய்வுகூடத்துப் பிள்ளை கைலேஞ்சியைப் பிரித்துவிட்டுச் சிரித்தாள்.

"அக்கா, இது ஐஸ்கிறீம் இல்ல. இந்த வெயிலுக்கெல்லாம் உருகாது."

அவள் சிரித்தது பரவாயில்லை. கடிதத்தில் இருந்த இலக்கம் ஈரத்தில் கரைந்து மையாகக் கிடந்தது.

"அப்ப இது வேற ஆளோடதுன்னு ஆயிருமா?"

"மெழுகுக் கட்டியிலயே பென்சிலால இலக்கம் எழுதியிருக்கு, பாருங்க. அது அழியாது."

ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிக் கேட்கச் சொன்னேன். கேட்டாள். இன்னொரு தடவை கேட்கச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே கேட்டாள்.

என்னதான் செய்யப்போறீங்க என்று விசாரித்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னாள். செல்லின் மேல்தோலில் ஒரு புரதம் இருக்கிறதாம். வளரு, வளரு என்று உள்ளே செய்தி அனுப்புவதுதான் அதன் வேலையாம். அது அளவுக்கு மிஞ்சினால் செல் நிற்காமல் பெருகுமாம். அவர்களிடம் உள்ள எதிர்ப்பொருள் அந்தப் புரதத்தில் மட்டும்தான் போய் ஒட்டுமாம். ஒட்டின இடத்தில் மண்ணிறம் தெரியுமாம்.

"நல்லா நிறம் பிடிச்சா அதுக்குன்னே ஒரு ஊசி இருக்கு அக்கா. பிடிக்கலன்னா அந்த ஊசி உங்களுக்கு வேலை செய்யாது."

பிடிக்க வேண்டும் என்று கும்பிடுவதா, பிடிக்கக் கூடாது என்றா? கெட்டது கூடுதலாக இருந்தால்தான் மருந்து உண்டு என்பதை எப்படிக் கடவுளிடம் கேட்பது? முடிவு வரும்வரை இரண்டு கிழமை, பதினாலு நாளும் விளக்கு முன்னால் பேசாமல் நின்றுவிட்டு வந்தேன்.

கிளினிக்கில் டொக்டர் தாளைப் பார்த்தார்.

"நிறம் பிடிச்சிருக்கு. ஆனா அரைகுறை. இருக்குன்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது. கொழும்புக்கு அனுப்பி இன்னொரு பரிசோதனை செய்யணும். கூட யார் வந்திருக்காங்க?"

"வெளியில இருக்காங்க" என்றேன். ஏன் சொன்னேனோ.

"கூப்பிடுங்க, அவங்களுக்கும் விளக்கிச் சொல்றேன்."

வெளியே வந்தேன். உட்காருகிற வாங்கு நிறைய ஆட்கள். ஒவ்வொருத்தர் பக்கத்திலும் ஒருத்தர். சுவரோரம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போனேன்.

"டீ குடிக்கப் போயிட்டாங்க போல, டொக்டர். எனக்கே சொல்லுங்க."

அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு, முதலிலிருந்து மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார்.