கல் அசையவில்லை

அன்று காலை அவர் வண்டியை ஓரங்கட்டி இறங்கியது செயினைப் பார்க்கவா, எங்களுக்குச் சத்தம் காட்டவா? எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். இன்னும் விடை தெரியவில்லை.

என் கணவர் டிரெய்லர் ஓட்டினார். நார்த்தாமலைப் பக்கம் உள்ள குவாரியிலிருந்து கிரானைட் கற்களை ஏற்றித் தூத்துக்குடித் துறைமுகத்தில் இறக்குவது அவர் வேலை. பக்கப் பலகைகள் இல்லாத வெற்றுத் தளம்தான் அந்த வண்டி. அதன் மேல் ஓர் அறை அளவுக்குக் கல் உட்கார்ந்திருக்கும். கனத்திலேயே நின்றுவிடும் என்று சிலர் பேருக்கு ஒரு செயினைப் போட்டுக் கிளம்பிவிடுவார்கள். இவர் அடியில் கட்டை கொடுத்து, குறுக்கும் நெடுக்குமாகச் செயின் போட்டு, கல்லின் விளிம்பில் செயின் படும் இடத்திலெல்லாம் பழைய டயர்த் துண்டை மடித்து வைப்பார். விளிம்பு உடைந்தால் வாங்குகிறவர்கள் கல்லைத் திருப்பிவிடுவார்கள். விளிம்பு அறுத்தால் செயின் போய்விடும்.

“இம்புட்டுக் கனம் எங்கப்பா பறந்து போயிரும்? பொண்ணுக்குச் சடை பின்னுற மாதிரி பின்னிக்கிட்டு இருக்க!” என்று மற்ற டிரைவர்கள் கிண்டல் செய்வார்களாம்.

“நான் பிரேக் போட்டா கல்லும் சேந்து போடுமாண்ணே?” என்பாராம் இவர்.

மகளை பைக்கில் முன்னால் உட்காரவைத்துத் தன்னோடு சேர்த்துக் கட்டும்போதும் அப்படித்தான். பெல்ட்டுக்கு அடியில் துண்டை மடித்து வைப்பார். “வலிச்சா நெளிவா. நெளிஞ்சா கட்டு லூசாயிரும்” என்பார். அவள் நெளியாமல் வல்லத்திராக்கோட்டையிலிருந்து புதுக்கோட்டை வரை வருவாள்.

கொஞ்ச தூரம் ஓடியதும் டயர்த் துண்டு நசுங்கி, செயின் தளரும். அதனால் திருமயம் தாண்டியதும் இறங்கி ஒவ்வொரு செயினையும் இரும்புக் கம்பியால் தட்டிப் பார்ப்பார். இறுக்கமாக இருந்தால் கணீர் என்று கேட்கும். தளர்ந்திருந்தால் சத்தம் செத்திருக்கும். ஒருநாள் விளையாட்டாக எனக்கு போன் செய்து அந்தச் சத்தத்தைக் கேட்கவைத்தார். மகள் போனைப் பிடுங்கி, “இன்னொருக்க அடிங்கப்பா!” என்றாள். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. கணீர் என்று கேட்டால் அப்பா நன்றாக இருக்கிறார் என்று அர்த்தம். அதைக் கேட்ட பிறகுதான் நானும் மற்ற வேலையைப் பார்ப்பேன்.

அன்று மகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். ஈரக் கையோடு வந்து பார்த்தபோது அவருடைய மிஸ்டு கால் இருந்தது. திரும்பக் கூப்பிட்டேன். வேறு யாரோ எடுத்தார்.

பின்னால் வந்த லாரியின் டிரைவர் அவர். என் கணவர் சாலைப் பக்கம் நின்றபோது வேகமாக வந்த வேன் ஒன்று அடித்து, அங்கேயே உயிர் போய்விட்டது. அந்த டிரைவர் பிறகு வீட்டுக்கு வந்தார். எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, “ஒரு செயினுகூட லூசாகலம்மா. கல்லு வச்ச எடத்துல வச்ச மாதிரியே இருந்துச்சு” என்றார். அதைக் கேட்காமலே இருந்திருக்கலாம். ஒன்றாவது தளர்ந்திருந்தால், அதற்காகத்தான் இறங்கினார் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். அன்று நான் போனை எடுத்திருந்தால் அவர் சத்தத்தைக் கேட்கவைத்துவிட்டு உடனே வண்டியில் ஏறியிருப்பாரா, பேசிக்கொண்டு அங்கேயே நின்றிருப்பாரா? ஒருநாள் ஒன்று சரியென்று படுகிறது, மறுநாள் மற்றது. அந்தக் கல்லை இன்னொருவர் கொண்டுபோய் ஒரு கீறல் இல்லாமல் இறக்கினார்.

இப்போது என் கொழுந்தன் அதே வழியில் டிரெய்லர் ஓட்டப் போகிறார். நேற்று வாசலில் நின்றுகொண்டு என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்: “அண்ணி, நான் நடுவுல எறங்கிப் பாக்கவா, வேணாமா? நீங்க சொல்றதத்தான் செய்வேன்.”

நான் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து மகள் ஓடி வந்தாள். “எறங்கி சத்தம் காட்டுங்க சித்தப்பா.”

இறங்காதீங்க என்றால், செயின் தளர்ந்து கல் அவர் மேலேயே சரியலாம். இறங்குங்க என்றால், அந்தச் சாலை ஓரத்தில் இன்னொருவரை நானே நிற்கவைப்பதாகிறது. பெட்ரோல் பங்க்கில் நிறுத்தச் சொல்லலாமா? அந்தத் தூரம் வரை செயின் தாங்குமா? எனக்குத் தெரியவில்லை. உங்கள் வீட்டிலும் யாராவது பாரம் ஏற்றிய வண்டி ஓட்டினால், அவர்கள் கிளம்பும்போது நீங்கள் என்ன சொல்லி அனுப்புகிறீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள். திங்கட்கிழமை அவர் வண்டி எடுக்கிறார்.