மண்டப வாசலை அடைத்த என் கார்

சென்ற ஆவணியில் சிங்காநல்லூரில் ஓர் உறவினர் வீட்டுத் திருமணம். காலை ஆறே காலுக்கே காரில் போய்விட்டேன். எனக்கு எழுபத்திரண்டு வயது. காருக்கும் அதன் பேட்டரிக்கும் ஐந்து.

மண்டப முற்றத்தில் கார்களை ஒன்றன்பின் ஒன்றாக நெருக்கி நிறுத்தினார்கள். காவலாளி, "ஏனுங்க, ஹேண்ட் பிரேக் போடாம நியூட்ரல்ல உட்டுப்போட்டுப் போங்க. வேணுங்கறப்ப தள்ளிக்கறோம்" என்றார்.

என்னுடையது ஆட்டோமேட்டிக் கார். பார்க்கிங் கியரில் போட்டால்தான் சாவியை உருவ முடியும்; அப்புறம் தள்ளினால் நகராது. அதைச் சொன்னால் வெயிலில் வேறு இடத்துக்கு அனுப்பிவிடுவார். "சரிங்க" என்று மட்டும் சொன்னேன். நான்கு கதவுகளையும் இரண்டிரண்டு முறை இழுத்துப் பார்த்தேன். பார்க்கிங் விளக்கு எரிந்ததைக் கவனிக்கவில்லை.

சாப்பிட்டுக் கை கழுவும்போது காவலாளி ஓடிவந்தார். வாசலை மறித்து நின்ற என் காருக்குப் பின்னால் ஒரு தம்பதியின் கார். அந்த அம்மாவுக்குப் பதினொன்றரைக்கு டயாலிசிஸ். அப்போது மணி பத்து ஐம்பது. சாவியைத் திருகினேன், சத்தமே இல்லை; விளக்கு எரிந்தே பேட்டரி தீர்ந்திருந்தது. கியர் அசையவில்லை. மூன்று பேர் தள்ளியும் சக்கரம் உருளவில்லை.

"இன்னிக்கு உட்டா நாளன்னிக்குத்தானுங்க மெஷின் கெடைக்கும்" என்றார் கணவர். குரலை உயர்த்தவில்லை.

அந்த அம்மாவே இறங்கி வந்தார். "தேர் இழுக்கறாப்பல இழுத்தா வருமுங்களா? கியர்கிட்ட சின்ன மூடி ஒண்ணு இருக்கும் பாருங்க, அதை நெம்புங்க. நானும் இப்படி நடுரோட்டுல நின்னவதானுங்க."

ஐந்து வருடமாக அந்த மூடியை அலங்காரம் என்று நினைத்திருந்தேன். நெம்பியதும் அதனடியில் கியர் பூட்டை விடுவிக்கும் ஒரு துளை. தங்கள் கார் சாவியை அவர் நீட்டினார். நான் வெளியே நின்றபடியே குனிந்து குத்தப் போனேன்.

"இருங்க, இருங்க! மொதல்ல ஹேண்ட் பிரேக்கைப் போடுங்க. வாசப்பக்கம் சரிவுங்க, முன்னால மூணு பேரு நிக்கறாங்க!"

ஹேண்ட் பிரேக் போடவில்லைதான். காவலாளி சொன்னதில் அதை மட்டும் செய்திருந்தேன். மூன்று பேரையும் ஒரு முறை பார்த்தேன்.

உள்ளே உட்கார்ந்து ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். என் சாவியைத் திருகி வைத்து, பிரேக்கை மிதித்துக்கொண்டு துளைக்குள் அவர் சாவியை அழுத்தினேன். கியர் நியூட்ரலுக்கு வந்தது. மூவரும் பின்னால் போனதும் ஹேண்ட் பிரேக்கை விடுவித்தேன்; அவர்கள் தள்ள, காரைத் தெரு ஓரத்தில் நிறுத்தினேன். மணி பதினொன்று நான்கு.

கடந்து போகையில் அந்த அம்மா தலையை நீட்டி, "அடுத்த கல்யாணத்துக்கு பஸ்ஸுல வந்துருங்க!" என்றார். கணவர் சிரித்தே விட்டார்.

ஆஸ்பத்திரி ஒன்பது கிலோமீட்டர், வழியில் ஆறு சிக்னல். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்களா என்று தெரியாது. பெயரைக்கூடக் கேட்டு வைக்கவில்லை. பேட்டரி தீர்ந்துவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லியாயிற்று. தள்ளினால் நகராத கார் என்ற உண்மையைக் காவலாளியிடம் சொல்லாமல் விட்டதை மட்டும் இங்கேதான் முதன்முதலாகச் சொல்கிறேன், சொன்ன பிறகும் மனம் ஆறவில்லை.