ஆடுகிற பல்லுக்குப் பக்கத்தில்

றுமைஸின் கைகள் பொய்ப்பல்லின் விளிம்பை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தன. தேய்ப்பது, பிளாஸ்டர் அச்சில் வைத்துப் பார்ப்பது, எடுத்து மறுபடி தேய்ப்பது. நோன்புக்கு முன் எடுத்த அச்சில் அது கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. பெருநாளுக்குப் பிறகு வாயில் ஏறவில்லை என்று பல் டாக்டர் விதுர்ஷா புதிய அச்சு எடுத்து அனுப்பியிருந்தார். அதில் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது.

"பல்லா செய்யிறாய் றுமைஸ், கப்பலா?" பல்லுக்காகக் காத்துக் கதிரையில் இருந்த சபூரா முக்காட்டு நுனியால் வாயை மறைத்துக்கொண்டு கேட்டார்.

றுமைஸ் அச்சை வெளிச்சத்துக்குத் திருப்பினார். கட்டாரில் ஒரு பல் ஆய்வுகூடத்தைக் கூட்டித் துடைக்கப் போனவர் அவர். குப்பைக்குப் போகும் மெழுகைப் பொறுக்கி வந்து, தங்கும் அறையில் பல் செதுக்கிப் பழகினார். இப்போது ஓட்டமாவடியில் அதுவே தொழில்.

சபூரா பெண்பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதக் கொடுப்பவர். முன்பல் இரண்டும் போனதிலிருந்து, நுனிநாக்கு பல்லில் படவேண்டிய எழுத்துகள் காற்றாகப் போயின. பிள்ளைகளும் அப்படியே காற்றாக ஓதத் தொடங்கிவிட்டார்கள். பல் வராவிட்டால் வேறு ஆளைப் போடப்போவதாகப் பள்ளிவாசலில் சொல்லிவிட்டார்கள்.

றுமைஸ் இரண்டு அச்சுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். புதியதில் பல்லைப் பிடித்திருக்கும் முரசு வீங்கியிருந்தது. இடைவெளிக்குப் பக்கத்துப் பல் சாய்ந்திருந்தது.

"ராத்தா, நோம்புக்குள்ள பல்லுத் தீட்டினீங்களா?"

"தீட்டினா ரத்தம் வருதேகா! உள்ள போனா நோம்பு என்னத்துக்காகும்?"

"இரவையில?"

"அப்பவும் வந்திச்சு. புண் ஆக்கும் எண்டு விட்டுட்டன்."

அரத்தைக் கீழே வைத்துவிட்டு றுமைஸ் டாக்டரைத் தொலைபேசியில் அழைத்து விஷயத்தைச் சொன்னார். டாக்டர் பேசியது சபூராவுக்கும் கேட்டது.

"அம்மா, தீட்டுறதால ரத்தம் வரேல்ல, வீக்கத்தால வருது. பல்லோரத்து அழுக்கில கிருமி இருக்கு. அதோட சண்டை பிடிக்க உடம்பு செய்யிற வேலைதான் வீக்கம். சண்டை முடியாம இழுபட்டா, அந்த வீக்கமே எலும்பைக் கரைக்கத் தொடங்கும். எலும்பு இறங்கினா பல்லு ஆடும். போன எலும்பு அநேகமாத் திரும்பாது. மிச்சத்தைக் காப்பாத்தலாம். துப்பரவாக்க வாங்கோ. றுமைஸ், இப்ப ஒண்டும் செய்யாதேங்கோ."

"அதுக்குள்ள என்ட இடம் போயிடுமே!" சபூரா எழுந்துவிட்டார். "இதையே கொஞ்சம் தேச்சுத் தா. நான் சமாளிக்கிறன்."

றுமைஸின் கை அரத்தை நோக்கிப் போய்த் திரும்பியது. தேய்த்தால் ஏறும். ஆனால் பொய்ப்பல்லின் கம்பி பிடிப்பது சாய்ந்து ஆடுகிற அந்தப் பக்கத்துப் பல்லைத்தான். "ஏறும் ராத்தா. கழட்டக்குள்ள அந்தப் பல்லும் சேர்ந்து வரும்."

சபூரா கோபத்தோடு போனார். ஆனால் டாக்டரிடம் போனார். முரசின் வீக்கம் வற்றும்வரை றுமைஸுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பழைய பல்லை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். பள்ளிவாசலுக்குப் போய், வேறு ஆள் பார்க்கவேண்டாம் என்று கேட்டும் வந்தார். அடுத்த அச்சு வந்ததும் முதலிலிருந்து தொடங்கினார். கம்பியை உறுதியான கடைவாய்ப் பற்களுக்கு மாற்றினார். ஆடும் பல் பிறகு விழுந்தாலும் அதிலேயே இன்னொரு பல்லைச் சேர்க்க இடம் விட்டார்.

டாக்டரின் அறையில் அது முதல் தடவையிலேயே உட்கார்ந்தது. சபூரா ஓர் எழுத்தைச் சொல்லிப் பார்த்தார். பிறகு இன்னொன்று. இரண்டிலும் காற்றுப் போகவில்லை.

நாக்கில் உராய்ந்த ஓரத்தை மட்டும் றுமைஸ் மெருகேற்றி, தண்ணீரில் அலசி, சபூராவின் கையில் கொடுத்தார்.